மறுஜென்மத்தின் கைப்பட்டை

என் தம்பி நர்ஸ் படிப்பு படிக்கிறான் என்று சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். “கம்பவுண்டரா?” என்பார்கள். இல்லை. “டாக்டருக்கு இடம் கிடைக்கலையா?” அதுவும் இல்லை. நர்ஸ் ஆகவேண்டும் என்றே ஆசைப்பட்டு, அதற்கே மனுப்போட்டு, அதிலேயே சேர்ந்தவன் அவன். வகுப்பில் பெண்கள்தான் அதிகம். அவர்களோடு சேர்ந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டான். நானும் ஊசி பிடிப்பவள்தான். தையல் கடை வைத்திருக்கிறேன். “ஒண்ணு துணியக் குத்துது, ஒண்ணு ஆளக் குத்தப் போகுது. என் வயித்துல ஊசியாப் பொறந்திருக்கு” என்று எங்கள் அம்மா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தம்பியின் வெள்ளைச் சீருடையை நான்தான் தைத்தேன். வெள்ளைத் துணியில் தப்பாக ஓடிய தையலைப் பிரித்து மறுபடி தைத்தாலும் ஊசி போன தடம் தெரியும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் அளவை மறுபடி ஒருமுறை எடுத்துக்கொண்டேன். அவன் தோள் இடதுபக்கம் கொஞ்சம் இறக்கம். அது யாருக்கும் தெரியாதபடி தைத்திருக்கிறேன்.

அவன் மூன்றாம் ஆண்டு போனபோது கல்லூரியில் ஒரு விளையாட்டு வந்து இறங்கியது. பழைய நூலகத்திலிருந்து அலமாரிகளை வெளியே தள்ளி, ஏசி போட்டு, வரிசையாகத் தொடுதிரைகளை வைத்தார்கள். மாணவர்கள் நேராக வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் தடுமாறுவதைவிட, முதலில் திரையில் விளையாடித் தேறட்டும் என்பது ஏற்பாடு. திரையில் ஒரு கட்டில். கட்டிலில் நரைத்த முடியோடு ஒரு பெரியவர். அவருக்குச் சரியான வைத்தியம் பார்த்தால் புள்ளி. வேகமாகப் பார்த்தால் கூடுதல் புள்ளி. தப்பான மருந்தைக் கொடுத்தாலோ தாமதித்தாலோ அவர் இறந்துபோவார். ‘மீண்டும்’ என்ற பொத்தானைத் தொட்டால் எழுந்து உட்கார்ந்து, “வணக்கம், எனக்கு உடம்பு சரியில்லை” என்பார். மாணவர்கள் அவருக்கு மறுஜென்மம் என்று பெயர் வைத்தார்கள்.

மறுஜென்மத்தைப் பார்த்துக்கொள்வது சுலபம். சுவரில் கை கழுவும் மருந்துப் புட்டி இருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் கை சுத்தம். அவருடைய மணிக்கட்டில் பெயருக்கென்று ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். இன்னாருக்குத்தான் மருந்து கொடுக்கிறோம் என்று உறுதி செய்துகொள்ள அதையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ‘டிங்’ என்று சத்தம் கேட்டுப் பச்சைக் குறி விழும். கேள்வி கேட்டால் அவருடைய தலைக்குப் பக்கத்தில் மூன்று பதில்கள் வந்து நிற்கும். ஆபத்து வந்தால் அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரும். கல்லூரி நடைக்கூடத்தில் இன்னொரு பெரிய திரை. அதில் யாருக்கு எத்தனை புள்ளி என்று வரிசையாகப் பெயர்கள் ஓடும். முதல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம்.

அந்தக் கிரீடம் என் தம்பிக்குக் கிடைத்தது. கை வேகம் எங்கள் குடும்பத்துச் சொத்து. மற்றவர்கள் பட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் மருந்து கொடுத்து, போர்வை போர்த்தி, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவான். கல்லூரியில் அவனை ‘முதலிடம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னேன். மார்பளவு எடுக்கும்போது சொல்வதுதான் வசதி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களால் குறுக்கே பேச முடியாது.

வரிசையில் கடைசியில் இருந்தது அவனோடு படிக்கும் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பாள் என்பதால் அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர். சீருடையின் இடுப்பைப் பிடித்துத் தைக்க என் கடைக்கு வந்தாள். தம்பியும் அப்போது கடையில் இருந்தான்.

“அந்த விளையாட்டு உனக்குப் பிடிக்கலையாம்மா?” என்று கேட்டேன்.

“பிடிச்சிருக்குக்கா. யாரும் திட்ட மாட்டாங்க, கை நடுங்காமப் பழகிக்கலாம். ஆனா அந்தாளு நான் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்றாரு. எங்கப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டா ஒம்பது பதில் வரும், கேட்டதுக்கு மட்டும் வராது. உலகத்துல எல்லாரும் எங்கப்பா மாதிரிதானேக்கா?”

“நீ குசலம் விசாரிச்சுக்கிட்டே நில்லு, அவரு அங்க போய்ச் சேர்ந்திருப்பாரு” என்றான் தம்பி.

“போனா என்னப்பா? டீ குடிக்கப் போன மாதிரி திரும்பி வந்துருவாருல்ல.”

“அதான் நீ கடைசி.”

“அக்கா, இடுப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்கா. உங்க தம்பியோட வாயையும் சேத்து.”

கொஞ்ச நாளில், விளையாட்டைப் பற்றி மாணவர்களின் கருத்தைக் கல்லூரி கேட்டது. கருத்தும் அந்த விளையாட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் கூடுதல் புள்ளி, உடனே அடுத்த ஆட்டம். நான்கோ மூன்றோ கொடுத்தால் ஒரு பெட்டி திறந்து, காரணத்தை விரிவாக எழுதச் சொல்லும். எழுதி முடிக்கும்வரை மறுஜென்மத்தைத் தொட முடியாது. எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். சந்தேகம் மட்டும் மூன்று கொடுத்துக் காரணத்தை எழுதிக்கொண்டே இருந்தாளாம். அவள் முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று திரையே அணைந்துவிட்டது. அவள் கணக்கில் வரவில்லை.

நூற்றுக்கு நூறு மாணவர்கள் மகிழ்ச்சி என்று முதல்வர் வாசலில் பதாகை கட்டினார். அதில் என் தம்பியின் படம். படத்துக்குக் கீழே அவன் சொன்ன கருத்து: ‘இனி எனக்கு வார்டு என்றால் பயமில்லை.’ நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். படத்தில் இரண்டாவது பொத்தான் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வார்டுக்கு யாரை அனுப்புவது என்பதில் கடைசிச் சொல் முதல்வருடையது அல்ல. அது பெரிய சிஸ்டருடையது. கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் மாணவர்கள் வேலை பழகும் வார்டு அவர் பொறுப்பில் இருந்தது. நடைக்கூடத்துத் திரையைக் கடந்துதான் தினமும் போவார். கிரீடத்தை ஏறிட்டும் பார்த்ததில்லை. வார்டுக்குள் விடுவதற்கு முன்னால் தானும் ஒரு சோதனை வைக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளை அழைத்துவர வேண்டும். அந்த ஆள் நோயாளியாகப் படுத்து நடிக்க வேண்டும். சோதனையில் தவறுகிறவர் அந்த ஆண்டை மறுபடி, கீழ் வகுப்போடு உட்கார்ந்து படிக்க வேண்டும். கிரீடம் வைத்தவன் கீழ் வகுப்பில் போய் உட்காருவதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பதாகையே கட்டியாகிவிட்டதே.

முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டான்.

“நடிக்கணும் அவ்வளவுதான்மா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லணும்.”

“நல்லா இருக்கிறவ வாயால நெஞ்சு வலின்னு எதுக்குடா சொல்லணும்? வேணும்னா முழங்கால் வலின்னு சொல்றேன். அது நெஜமாவே இருக்கு.”

“முழங்கால் பாடத்துல இல்லம்மா.”

“அப்ப என்ன பாடம் நடத்துறாங்க?”

ஆகவே நான் போனேன். எனக்கு ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் நோயும் எழுதிக் கொடுத்தார்கள். வயிற்று வலி, வாந்தி, ஒரு குறிப்பிட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாது. பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, வலிக்கிற முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டு போனேன். சொந்த வீட்டு ஆளை யாரும் பார்க்கக் கூடாது என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தாள். பக்கத்துக் கட்டிலில் சந்தேகத்தின் அப்பா படுத்திருந்தார். பஸ் ஓட்டுநர். பெரிய மீசை. அவருக்கு மூச்சுத்திணறல். அவரைப் பார்க்க வேண்டியவன் என் தம்பி. நடுவில் ஒரு துணித்திரை. அது பாதிதான் இழுக்கப்பட்டிருந்தது. அதனால் எல்லாம் என் கண்முன் நடந்தது.

தம்பி வந்தான். நடை மாப்பிள்ளை நடை. சுவரிலிருந்த புட்டியை ஆள்காட்டி விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்தான்.

“தம்பி, அது அமுக்கினாதான் வரும்” என்றார் ஓட்டுநர்.

தம்பிக்கு அது காதில் விழவில்லை. ஓட்டுநரின் கையைப் பார்த்தான். மணிக்கட்டில் இருந்த பட்டையை அதே விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

“என்ன தம்பி, காலிங் பெல்லா?”

“உங்களுக்கு என்ன செய்யுது ஐயா?”

ஓட்டுநர் ஆரம்பித்தார். மூச்சு வாங்குகிறது என்றார். மேட்டில் வண்டி ஏறும்போது கியர் மாற்றினால் அதிகமாக வாங்குகிறது என்றார். கண்டக்டர் புகை பிடிப்பதை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை என்றார். மருமகன் பேச்சும் நடுவில் வந்தது. தம்பி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தலைக்குப் பக்கத்தில், தலையணைக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பதில்கள் வருவதற்காகக் காத்திருக்கிறான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. சுவரில் பல்லி இருக்கிறதோ என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

“அங்க என்ன தம்பி பாக்குற? உன் ஸ்டாப்பு வந்துருச்சா?”

தம்பி திடுக்கிட்டு, கட்டிலின் தலைமாட்டில் இருந்த கிண்ணத்தை எடுத்து அவரிடம் கொடுத்தான். மாத்திரை என்று பேர், உண்மையில் புதினா மிட்டாய். ஓட்டுநர் வாயில் போட்டுக்கொண்டார். வேகத்தில் குறையே இல்லை.

மூலையில் நின்றிருந்த பெரிய சிஸ்டர் அருகில் வந்தார்.

“இவர் பேர் என்னப்பா?”

கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னான்.

“பட்டையில என்ன இருக்கு?”

அப்போதுதான் குனிந்து படித்தான். மீசை வைத்த ஓட்டுநரின் கையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பெரிய சிஸ்டர் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் பட்டைகளையும் கிண்ணங்களையும் மாற்றி வைத்திருக்கிறார். அது எனக்குக் கொடுத்த பெயர்.

“அப்ப எனக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையையா அவரு முழுங்கிட்டாரு?” என்று நான் கேட்டுவிட்டேன். நோயாளி அப்படிப் பேசலாமா கூடாதா என்று சீட்டில் எழுதியிருக்கவில்லை.

“இனிப்பாத்தான் இருந்துச்சும்மா” என்றார் ஓட்டுநர்.

பெரிய சிஸ்டர் தம்பியைப் பார்த்தார். “இவருக்கு இப்ப ஏதாவது ஆச்சுன்னு வை. ‘மீண்டும்’னு ஒரு பொத்தான் இருக்குமே, அது இவர் உடம்புல எங்க இருக்கு?”

தம்பியின் விரல் தானாக எழுந்தது. பாதியில் கீழே இறங்கியது.

சந்தேகம் என்னிடம் என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புட்டியை அமுக்கிக் கையைத் தேய்த்தாள். பெயரைக் கேட்டாள், பட்டையைப் படித்தாள், “இது உங்க பேர் இல்லையேக்கா?” என்று நின்றுவிட்டாள். பட்டை சரியாக வந்த பிறகும் விடவில்லை. நான் மனப்பாடம் செய்த பதில்கள் தீர்ந்துபோய், சொந்தமாக இரண்டு நோய்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேர் குணமாகி வீட்டுக்குப் போயிருவாங்க. ஆனா உன் கையால யாரும் சாக மாட்டாங்க. வார்டுக்கு வா” என்றார் பெரிய சிஸ்டர்.

தம்பியிடம் வேறு மாதிரி சொன்னார். “அடுத்த வாரம் அந்த விளையாட்டைப் பாக்க மேலிடத்துக் குழு வருது. அது வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் உன்னை ஒரே ஒரு தடவை மறுபடி பாக்குறேன். அப்பவும் தட்டினேன்னா கீழ் வகுப்புல போய் உக்காந்துக்கோ.”

தேறாதவன் அவன் ஒருவன் அல்ல. நடைக்கூடத்துத் திரையில் மேல்வரிசையில் இருந்த அத்தனை பேரும் பட்டையைத் தட்டித்தான் போயிருந்தார்கள். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, எனக்குத் தப்புன்னே தெரியலக்கா. தட்டினேன். மனசுக்குள்ள டிங்னு கேட்டுச்சு.”

“எம்புள்ள தட்டினது சரியாத்தான் இருக்கும். அந்தப் பட்டைதான் சரியில்ல” என்றாள் அம்மா. பெற்றவள் அப்படித்தான் பேசுவாள். நான் அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவனிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கடையில் தைத்த துணிகளைக் கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டேன். ஒவ்வொரு துணிக்கட்டிலும் பெயர் எழுதிய சீட்டைக் குத்தி வைத்திருப்பேன். பெயரைக் கேட்டு, சீட்டைப் படித்து, அதன் பிறகு கொடு என்றேன். முதல் நாள் முழுக்கச் சீட்டுகளைத் தட்டினான். சட்டைக்கு வந்தவர் பாவாடையோடு போகப் பார்த்தார். மறுநாள் தட்டுவதற்குத் தூக்கிய விரலை அவனே மடக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒருவரையும் விடவில்லை.

“டேய், நான் எதிர்வீட்டு அத்தைடா. உனக்கு மொதல்ல நிஜார் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.”

“இருக்கட்டும் அத்தை. பேரச் சொல்லுங்க.”

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

குழு வரும் நாளும் வந்தது. முதலிடம் பெற்றவன் அவர்கள் முன்னால் விளையாடிக் காட்ட வேண்டும் என்பது முதல்வரின் ஏற்பாடு. குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். சீருடைக்கு நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். இரண்டாவது பொத்தானைப் பிரித்து நேராகக் கட்டினேன். முதல்வர் தம்பியைத் தோளில் தட்டி, “சட்டுபுட்டுன்னு முடிச்சிரு தம்பி. டிங் டிங்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார். குழுவில் வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரிய சிஸ்டர் கடைசியில், கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, வார்டில் வேலை இருக்கிறது என்றார். ஆனால் போகவில்லை.

பெரிய திரையில் மறுஜென்மம் எழுந்து, “வணக்கம், எனக்கு உடம்பு சரியில்லை” என்றார்.

“வணக்கங்க” என்றாள் அம்மா.

தம்பி புட்டியைத் தொட்டான். டிங். அடுத்தது பட்டை. விரல் அதன்மேல் போய் நின்றது. தட்டவில்லை. இரண்டு விரல்களை வைத்து, போட்டோவைப் பெரிதாக்குவது போல, பட்டையை விரித்தான். பட்டை திரையில் பெரிதாயிற்று. அவன் குனிந்து படித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

“தம்பி, மருந்து” என்றார் முதல்வர், பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே.

“கொடுக்க முடியாது சார்.”

மறுஜென்மத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்தது. அவர் இருமினார். வட்டம் துடித்தது. அவன் கையை அவிழ்க்கவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகள் கடகடவென்று இறங்கின.

“ஐயோ பாவம், யாராவது அந்தப் பெரியவருக்கு எதையாவது கொடுங்களேன்” என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது. மறுஜென்மம் தலையைச் சாய்த்தார். முதல்வரே பாய்ந்து போய் ‘மீண்டும்’ பொத்தானைத் தொட்டார். செத்தவர் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொன்னதும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குழுவில் மூத்தவர் கேட்டார். “ஏன்பா மருந்து கொடுக்கல?”

“ஆள் யாருன்னு தெரியல சார்.”

“அதான் பட்டை இருக்கே.”

“நீங்களே படிச்சுப் பாருங்க சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். முதல்வரும் போனார். பட்டையில் சின்ன எழுத்தில் ‘நோயாளியின் பெயரை இங்கே எழுதவும்’ என்று இருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் எழுத மறந்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் பார்க்கவில்லை. வருடம் முழுக்கப் பச்சைக் குறியும் கிரீடமும் கிடைத்தது இந்த வரிக்குத்தான்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த விளையாட்டைப் பத்தி உன் கருத்து என்ன?”

“நல்ல விளையாட்டு சார். கை பழகுது, பயம் போகுது. ஆனா அது எதைப் பழக்குதோ அதான் பழகுது. இவரு பேர் தெரியாமலே நான் இவருக்கு எவ்வளவோ மருந்து கொடுத்திருக்கேன். அவரும் ஏன்னு கேக்கல.”

“எத்தனை நட்சத்திரம் கொடுப்ப?”

தம்பி யோசித்தான். “அந்தப் பட்டையில ஒரு பேர எழுதிட்டா, அஞ்சே கொடுக்கலாம் சார்.”

முதல்வர் எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார். கூட்டம் கலைந்தபோது பெரிய சிஸ்டர் கதவோரத்திலிருந்து வந்தார். நானும் அம்மாவும் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தோம்.

“உனக்கு மறுபடி சோதனை வைக்கிறேன்னு சொன்னேன்ல?”

“ஆமா சிஸ்டர்.”

“அதான் முடிஞ்சுபோச்சே. நாளைக்குக் காலைல வார்டுக்கு வந்துரு. புட்டிய அமுக்கிக் கழுவு. இப்பவும் தட்டத்தான் தட்டின.”

“அது திரை சிஸ்டர். அமுக்கினாலும் வராது.”

“வாய் பேசாத. காலைல வா.”

வெளியே வரும்போது நடைக்கூடத்துத் திரையைப் பார்த்தோம். கிரீடம் வேறு யாருக்கோ போயிருந்தது. தம்பியின் பெயர் எல்லோருக்கும் கீழே, சந்தேகத்துக்கும் கீழே இருந்தது. சந்தேகம் அங்கே நின்றுகொண்டிருந்தாள். “வாப்பா கடைசி” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தப் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவளும் மற்றவர்களும் அவனைக் கடைசி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வார்டில் நோயாளிகள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் பெயரை உரக்கச் சொல்லிக் கையை நீட்டிவிடுகிறார்களாம். அதனால் வருகைப்பதிவு என்று பெயர்.

பதாகையை இன்னும் கழற்றவில்லை. குழுவின் அறிக்கையிலும் மாணவர்கள் நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி என்றே வந்ததாகச் சொன்னார்கள். இந்தத் தடவை சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் கடைக்கு வருகிறவர்களிடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வரிசையில் என் தம்பி கடைசி என்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அளவு எடுத்து முடியும்வரை நான் மிச்சத்தைச் சொல்வதில்லை.